ஒட்டிய முகம், பிறந்த முகம்: 'எ டிஃபரன்ட் மேன்' பெற்ற வரவேற்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பர் 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் ஒருவர் மருந்து எடுத்துக்கொள்கிறார், தோற்றம் மாறுகிறது, மாறிய தோற்றமே அவரைக் கவிழ்க்கிறது. ஒன்று கோரலி ஃபார்ஷாவின் 'தி சப்ஸ்டன்ஸ்'. அதைப் பற்றி உலகமே பேசியது. மற்றது ஏரன் ஷிம்பெர்க் எழுதி இயக்கிய டார்க் காமெடி, 'எ டிஃபரன்ட் மேன்'. ஏ24 நிறுவனம் அதை முதலில் ஒருசில அரங்குகளில் மட்டும் திரையிட்டு, அக்டோபரில்தான் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோனது. வசூல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விமர்சகர்களோ ஏறக்குறைய ஒரே குரலில் பாராட்டினார்கள். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் சாதகமான விமர்சனங்கள் 90 சதவீதத்தைத் தாண்டின.

இந்த இரண்டாவது படம் எப்படி வரவேற்கப்பட்டது என்பதே இங்கே என் அக்கறை. முகத்தை வைத்து மனிதரை எடைபோடும் பழக்கத்தைத்தான் இந்தப் படம் தோண்டியது. அதைக் கொண்டாடியவர்களும் அதே பழக்கத்திலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. உண்மையிலேயே வேறுபட்ட முகம் உள்ள நடிகரை வாயாரப் புகழ்ந்தார்கள். மேடைக்கு அழைத்து விருது கொடுத்ததோ அந்த முகத்தை ஒட்டிக்கொண்ட நடிகருக்கு. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டதாக நான் நினைக்கவில்லை. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கதையை முடிவுவரை பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதை

நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாக வசிக்கிறான் எட்வர்ட். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணுக் குறைபாட்டால் முகம் முழுக்கக் கட்டிகள். நடிகனாக ஆசை. கிடைத்த வேடமோ, இப்படிப்பட்ட முகம் கொண்ட சக ஊழியரிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அலுவலகங்களில் பாடம் நடத்தும் பயிற்சி வீடியோவில். வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்து ஒழுகுகிறது. யாரையும் தொந்தரவு செய்யக் கூசி அதோடே வாழ்கிறான். பக்கத்து வீட்டுக்கு இங்க்ரிட் என்ற நாடக ஆசிரியை குடிவருகிறாள். அவளிடம் மனசைப் பறிகொடுக்கிறான்.

பரிசோதனை நிலையிலுள்ள ஒரு மருந்து அவன் முகத்தை மாற்றிவிடுகிறது. சதை பிய்ந்து விழ, உள்ளிருந்து அழகான முகம் வருகிறது. எட்வர்ட் செத்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு 'கய்' என்ற பெயரில் வீடு விற்கும் தொழிலில் வெற்றிகரமாக வாழ்கிறான். பிறகுதான் தெரிகிறது, இங்க்ரிட் செத்துப்போன எட்வர்டைப் பற்றி நாடகம் எழுதியிருக்கிறாள். தன் பழைய முகத்தின் அச்சில் செய்த முகமூடியோடு போய்த் தன்னுடைய வேடத்தையே கேட்டு வாங்குகிறான் கய். அப்போது ஒத்திகைக்கு ஒருவர் வந்து நிற்கிறார். பெயர் ஆஸ்வால்ட். எட்வர்டுக்கு இருந்த அதே நோய், அதே போன்ற முகம். ஆனால் பேச்சில் சரளம், நடையில் மிடுக்கு, பாடுவார், சாக்சபோன் வாசிப்பார், போகிற இடமெல்லாம் நண்பர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாடகம் அவர் கைக்குப் போகிறது, இங்க்ரிட்டும் போகிறாள். ஆத்திரம் தலைக்கேறிய கய் ஒருவரைக் குத்திவிட்டுச் சிறைக்குப் போகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு மூவரும் ஓர் உணவகத்தில் சந்திக்கிறார்கள். நீ கொஞ்சமும் மாறவே இல்லை என்று ஆஸ்வால்ட் வாஞ்சையோடு சொல்வதோடு படம் முடிகிறது.

எட்வர்டாகவும் கய்யாகவும் நடித்தவர் செபாஸ்டியன் ஸ்டான், மார்வெல் படங்களின் பக்கி பார்ன்ஸ். இங்க்ரிட்டாக நார்வே நடிகை ரெனாட்டே ரெயின்ஸ்வே. ஆஸ்வால்டாக இங்கிலாந்தின் ஆடம் பியர்சன். அவருக்கு உண்மையிலேயே நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை இருக்கிறது. சுமார் 3,000 பிறப்புகளில் ஒருவருக்கு வரும் குறைபாடு இது. ஒரே மரபணு மாற்றம் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடும் என்பதற்குப் பியர்சனின் வீட்டிலேயே சான்று உண்டு: அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் இதே குறைபாடு, ஆனால் முகத்தில் கட்டிகள் இல்லை.

விமர்சனங்களுக்கு எழுதிய பதில்

இந்தப் படத்தின் வரவேற்பைப் புரிந்துகொள்ள, இதற்கு முந்தைய படத்தின் வரவேற்பிலிருந்து தொடங்கவேண்டும். ஷிம்பெர்க் பிறவியிலேயே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் கொண்டவர். முகத்தை வைத்து மற்றவர்கள் நடத்தும் விதத்தை உள்ளிருந்து அறிந்தவர். 2018-ல் அவர் எடுத்த 'செயின்ட் ஃபார் லைஃப்' (Chained for Life) படத்தில் பியர்சன்தான் நாயகன். அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. கூடவே ஒரு கேள்வியும் துரத்தியது: இப்படி ஒருவரை நடிக்கவைப்பது அவரைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா?

கேட்டவர்கள் இரக்கத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியின் மறுபக்கம் பியர்சன் போன்ற நடிகர்களுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும். உண்மையான முகம் உள்ளவரை நடிக்கவைத்தால் சுரண்டல். நட்சத்திரத்துக்கு மேக்கப் போட்டால் வாய்ப்புப் பறிப்பு. இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் திரையில் இப்படிப்பட்டவர்களே இல்லை என்றாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. ஷிம்பெர்க் இரண்டையும் ஒரே படத்தில் வைத்தார். மேக்கப் போட்ட நட்சத்திரமும் இருக்கிறார், பிறவி முகத்தோடு நடிகரும் இருக்கிறார், அந்த வேடம் யாருக்குச் சேரவேண்டும் என்று பாத்திரங்களே வாதாடுகிறார்கள். பேட்டிகளில் அவரே இந்தத் தொடர்பைச் சொல்லியிருக்கிறார். விமர்சகர்களுக்குப் பதில் சொல்ல ஒரு படமே எடுத்தார் என்பது மிகையல்ல.

இந்தச் சர்ச்சை பியர்சனுக்குப் புதிதல்ல. 2018-ல் பிபிசி, உருவம் மாறிய உடலால் 'யானை மனிதன்' என்று அழைக்கப்பட்ட 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ஜோசஃப் மெரிக்கின் கதையைத் தொடராக எடுக்க முடிவுசெய்து, உடற்குறைபாடு இல்லாத நடிகரைத் தேர்ந்தெடுத்தபோது, தேர்வுக்குக்கூட ஏன் அழைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கேட்டவர் அவர். முகத் தழும்பைப் போட்டாலே வில்லன் என்று காட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் பேசிவருபவர். அவர் சார்ந்திருக்கும் 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பின் இயக்கத்தால்தான், தழும்பு முக வில்லன்கள் கொண்ட படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2018-ல் அறிவித்தது.

பெர்லினில் ஒரு கேள்வி

படம் 2024 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அங்கேயே நல்ல பேச்சு. அடுத்த மாதம் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. இந்த ஆய்வின் மையம் என்று நான் கருதுவது அங்கே நடந்த செய்தியாளர் சந்திப்பை.

மேசைக்குப் பின்னால் ஸ்டான், பியர்சன், ரெயின்ஸ்வே, ஷிம்பெர்க். ஒரு செய்தியாளர் ஸ்டானைப் பார்த்து, மிருகம் என்று சொல்லப்படுகிற அந்த உருவத்திலிருந்து குறையில்லாத ஆணாக மாறுவதைப் பற்றிக் கேட்டார். அதே மேசையில், அந்த முகத்தோடே பிறந்து வளர்ந்த பியர்சன் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டான் கேள்வியை நகர விடவில்லை. அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டி, அது சரியில்லை என்று அங்கேயே மறுத்தார். இதைப் பற்றிப் பேச நம்மிடம் சரியான சொற்களே இல்லை, இந்தப் படம் அவசியமாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார்.

காணொளி பரவியது, ஸ்டானைப் பாராட்டிச் செய்திகள் வந்தன. பாராட்டு தகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பது. எட்வர்ட் நடித்த பயிற்சி வீடியோவில் வரும் சக ஊழியர்களும் நல்லவர்கள்தான்; முகத்தைப் பார்த்ததும் தடுமாறுகிறார்கள், அவ்வளவே. சினிமாவுக்குள் இருந்த காட்சி மேசைக்கு முன்னால் மறுபடி நடந்தது. படம் பார்ப்பது மட்டுமே ஒருவரை மாற்றிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

சில நாட்களில் லுபிடா நியோங்கோ தலைமையிலான நடுவர் குழு, முதன்மை நடிப்புக்கான வெள்ளிக் கரடி விருதை ஸ்டானுக்கு அளித்தது.

எதைப் பாராட்டினார்கள்

ஸ்டானை அடையாளமே தெரியவில்லை என்பதுதான் விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த வியப்பு. மேக்கப் கலைஞர் மைக் மரினோவின் கைவண்ணம் அப்படி. பியர்சனின் முகத்தைப் பார்த்தே அவர் அந்த ஒட்டு முகத்தை வடிவமைத்தார். மரினோவுக்கு வேறொரு படப்பிடிப்பிலும் வேலை இருந்ததால் ஸ்டானுக்கு விடியற்காலையிலேயே மேக்கப் முடிந்துவிடும். கேமரா ஓடத் தொடங்கும்வரை அந்த முகத்தோடு ஸ்டான் நியூயார்க் தெருக்களில் நடந்தார். சிலர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் முறைத்துப் பார்த்தார்கள் என்று பின்னால் பேட்டிகளில் சொன்னார். பியர்சன் அவருக்குக் கொடுத்த குறிப்பும் அப்போதுதான் பொருள்பட்டது: இந்த முகத்தோடு வாழ்வது உனக்குத் தெரியாது, ஆனால் தெருவில் போகிறவர்களெல்லாம் உன்னைத் தங்களுடைய சொத்தாக நினைப்பது பிரபலமான உனக்குத் தெரியும், அங்கிருந்து தொடங்கு என்ற பொருளில் அவர் சொன்னாராம்.

என் பார்வையில் ஸ்டானின் பெரிய சாதனை மேக்கப் கழன்ற பிறகுதான் தொடங்குகிறது. முகம் மாறிய பின்னும் கய்யின் தோள்கள் எட்வர்டின் தோள்களாகவே இருக்கின்றன. கூன் முழுதாக நிமிரவில்லை. ஒருவர் பேசும்போது கண் தரைக்குப் போய்த் திரும்புகிறது. ஆஸ்வால்ட் எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்துப் பாடுகிற காட்சியில் கய்யைக் கவனியுங்கள். அரங்கமே பாடகரோடு சேர்ந்துகொள்கிறது. அழகான முகத்தோடு கய் மட்டும் மூலையில் ஒடுங்கி, தனக்கு நியாயமாக வரவேண்டிய ஏதோ ஒன்றை இன்னொருவர் எடுத்துக்கொண்டதைப் போலப் பார்க்கிறான். ஸ்டான் அங்கே ஒரு வசனமும் பேசவில்லை. நுட்பமான விமர்சகர்கள் இதைத் தொட்டார்கள். தலைப்புகளில் வந்ததெல்லாம் மேக்கப்தான்.

பியர்சனுக்கும் பாராட்டு குவிந்தது. படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், அவர் வந்ததும் திரை வெளிச்சமாகிறது என்றெல்லாம் எழுதினார்கள். அந்தப் பாராட்டின் அடியில் ஓடிய ஒரு நினைப்பைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன்: அவர் தானாகவே வந்து நிற்கிறார், இயல்பாக இருக்கிறார் என்பது. பியர்சன் நிஜத்திலும் கலகலப்பானவர் என்பதும், அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஷிம்பெர்க் ஆஸ்வால்டை எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் இதே இயக்குநரின் முந்தைய படத்தில் இதே பியர்சன் நடித்த ரோசந்தால், அளந்து பேசுகிற, கூச்ச சுபாவமுள்ள மனிதன். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே முகத்துக்குள் இரண்டு ஆட்கள் தெரிவார்கள். ஆஸ்வால்டின் அந்த அலட்டாத நகைச்சுவை உழைத்துக் கொண்டுவந்தது. கய் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஆஸ்வால்ட் அன்பாகவே பதில் சொல்கிறார். அந்த அன்பில் துளி பொய் தெரிந்தாலும் படம் சரிந்துவிடும், துளி கூடினாலும் அவர் புனிதராகிவிடுவார். அந்தக் கம்பி மேல் கடைசிவரை நடக்கிறார் பியர்சன். அதற்குப் பெயர் நடிப்பு. அழகான நடிகர் ஒருவர் தன் சொந்த வசீகரத்தைத் திரையில் பயன்படுத்தினால், அவர் அவராகவே இருக்கிறார் என்று யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

குறைகளும் சொல்லப்பட்டன. கடைசிப் பகுதி நிகழ்ச்சிமேல் நிகழ்ச்சியாக அடுக்கிக்கொண்டே போகிறது, கதைக்குள் கதையாகச் சுற்றுவதில் உணர்ச்சி வறண்டுவிடுகிறது என்றார்கள். ஓரளவு உடன்படுகிறேன், கய் சிறைக்குப் போகும் திருப்பம் அவசரத்தில் வந்து விழுகிறது. இங்க்ரிட் முழுமையான பாத்திரமாக இல்லை என்ற குறையையும் ஏற்கிறேன். அடுத்தவர் வாழ்க்கையை எடுத்துத் தன் நாடகமாக்கும் எழுத்தாளர், நல்ல எண்ணத்தையும் பசியையும் பிரிக்க முடியாத பெண். ரெயின்ஸ்வே கிடைத்த இடத்திலெல்லாம் உயிர் கொடுக்கிறார். அந்தரங்கமான ஒரு நேரத்தில் கய்யிடம் முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, போட்டதும் சிரித்துவிடுகிற காட்சி படத்திலேயே மிகக் கூர்மையானது. ஆனால் அவள் எதற்காக இதையெல்லாம் எழுதுகிறாள் என்று திரைக்கதை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்வால்ட் நம்ப முடியாத அளவுக்கு நல்லவர், மனிதராக இல்லாமல் ஒரு கருத்தாக இருக்கிறார் என்ற குறையை மட்டும் ஏற்க மாட்டேன். படம் நெடுக நாம் இருப்பது கய்யின் பொறாமைக்குள். பொறாமைக்காரன் கண்ணுக்கு எதிராளி செய்வதெல்லாம் கச்சிதமாகத்தான் தெரியும். ஊனமோ வேறுபாடோ உள்ளவர்களைச் சினிமா வில்லனாக, பாவப்பட்டவனாக, அல்லது வெறுமனே உயிரோடு இருப்பதற்கே வீரனாக, இந்த மூன்று அச்சில்தான் வார்க்கிறது என்று பியர்சன் சொல்வதுண்டு. ஆஸ்வால்ட் மூன்றிலும் அடங்குவதில்லை. பழக்கமான அச்சு கிடைக்காததால்தான் சிலருக்கு அவர் ஆளாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

விருதுக் காலம்

2024 டிசம்பரில் நியூயார்க்கின் காத்தம் விருதுகளில் சிறந்த படமாக 'எ டிஃபரன்ட் மேன்' அறிவிக்கப்பட்டது. போட்டியில் 'அனோரா'வும் 'நிக்கல் பாய்ஸ்'ஸும் இருந்தன. ஷிம்பெர்க்கே எதிர்பார்க்கவில்லை, பேச எதுவும் தயார் செய்யாமல் மேடையேறினார்.

2025 ஜனவரி 5 அன்று கோல்டன் குளோப். இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகர் ஸ்டான். அதே பிரிவில் சிறந்த நடிகை, 'தி சப்ஸ்டன்ஸ்' படத்துக்காக டெமி மூர். ஒரே நாளில் வெளியான இரண்டு உருமாற்றக் கதைகளும் ஒரே இரவில் வென்றன. ஊனத்தையும் முக வேறுபாட்டையும் கண்டு நாம் கொள்ளும் அறியாமையும் சங்கடமும் முடிவுக்கு வரவேண்டும், நம் குழந்தைகளுக்கும் இதைப் பழக்கவேண்டும் என்று ஸ்டான் பேசினார். மனதார வந்த பேச்சு. அதே மேடையில் அன்றே தொலைக்காட்சிப் பிரிவில் காலின் ஃபாரெல் 'தி பெங்குவின்' தொடருக்காக வென்றார். தழும்பு முகமும் காலை இழுத்து நடக்கும் நடையுமாக வரும் குற்றவாளி வேடம் அது. அந்த முகத்தைச் செய்தவரும் மரினோதான். எந்த வழக்கத்தைப் பியர்சன் இத்தனை காலம் எதிர்த்தாரோ அதுவும், அதை எதிர்த்து எடுத்த படமும், ஒரே கலைஞரின் கையால், ஒரே மேடையில் கைதட்டு வாங்கின. இதை யாரும் பெரிதாக எழுதாதது எனக்கு இன்றுவரை குறைதான்.

ஆஸ்காரில் படத்துக்கு ஒரே ஒரு பரிந்துரை: மேக்கப், சிகையலங்காரம். மரினோ, டேவிட் பிரெஸ்டோ, கிரிஸ்டல் ஜுராடோ மூவருக்கும். அந்த விருதையும் 'தி சப்ஸ்டன்ஸ்' எடுத்துக்கொண்டது. ஸ்டானுக்கு நடிப்புப் பரிந்துரை கிடைத்தது, ஆனால் டொனால்ட் டிரம்பாக நடித்த 'தி அப்ரென்டிஸ்' படத்துக்காக.

மேக்கப் பரிந்துரையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வேலை அபாரமானது. அந்தப் பிரிவு பிறந்த கதையைத்தான் நினைவுபடுத்துகிறேன். 1980-ல் வந்த 'தி எலிஃபன்ட் மேன்' படத்தில் ஜான் ஹர்ட்டை ஜோசஃப் மெரிக்காக மாற்றினார் கிறிஸ்டஃபர் டக்கர். லண்டன் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்ட மெரிக்கின் உடல் அச்சுகளைப் பார்த்துச் செய்த வேலை. படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள் வந்தும், மேக்கப்புக்குத் தனிப்பிரிவு இல்லாததால் டக்கருக்கு எதுவும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது. அதன் விளைவாகத்தான் அடுத்த ஆண்டிலிருந்து மேக்கப் விருது நிரந்தரமானது. ஆக, உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதரின் முகத்தைப் படியெடுத்த கலையைக் கௌரவிக்கவேண்டும் என்ற குரலிலிருந்து பிறந்த பிரிவு அது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பியர்சனின் முகத்தைப் பார்த்துச் செய்த படிக்கு அதே பிரிவில் பரிந்துரை. முகத்தின் சொந்தக்காரருக்கு ஆஸ்கார் பட்டியலில் இடமில்லை.

பியர்சனை யாருமே கண்டுகொள்ளவில்லை என்று சொல்வதும் தவறாகிவிடும். இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் துணை நடிப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கேரளத்தின் கனி குஸ்ருதி 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' படத்துக்காக இடம்பெற்ற அதே பட்டியல். விருது கீரன் கல்கினுக்குப் போனது. பெரிய மேடைகள் பியர்சனுக்குத் தந்தது பாராட்டு வாசகங்களை. படத்துக்குள் ஆஸ்வால்ட் வேடத்தைக் கைப்பற்றுகிறார், மேடையைக் கைப்பற்றுகிறார், காதலையும் கைப்பற்றுகிறார். விருதுக் காலம் அந்தக் கதையைத் தலைகீழாக எழுதியது.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ஸ்டான் போன்ற பெயர் இல்லாமல் இந்தப் படத்துக்குப் பணம் திரண்டிருக்காது, இவ்வளவு பேர் பார்த்திருக்கவும் மாட்டார்கள். முதன்மை வேடம் அவருடையது. முதன்மை நடிப்பு விருதுகள் அவருக்குப் போவது இயற்கை. இதை மறுக்க முடியாது. ஸ்டான் கிடைத்த ஒவ்வொரு மேடையிலும் பியர்சனை முன்னிறுத்தினார் என்பதும் பதிவில் இருக்கிறது. அதனால் என் கேள்வி ஸ்டானை நோக்கியது அல்ல. ஆஸ்வால்ட் போன்ற வேடங்கள் மேலும் எழுதப்படுமா, அவை எழுதப்படும்போது நாயகன் இடத்தில் எழுதப்படுமா என்பதுதான். 'செயின்ட் ஃபார் லைஃப்'பில் பியர்சன் நாயகனாக இருந்தார், பார்த்தவர்கள் குறைவு. இதில் துணைப் பாத்திரம், பார்த்தவர்கள் அதிகம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய விமர்சனம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அடுத்த முறை அவர் நடித்த படம் வரும்போது, மேக்கப்பைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது. அவர் எப்படி நடித்தார் என்பதை மட்டும்தான் எழுதியாகவேண்டும்.